பதில் வரும்வரை பெய்த பனி

மணல்துறையில் ஐஸ் பிளாண்ட் கஸ்பார் வீட்டு மொட்டை மாடியில் முதன்முதலாகப் பனி விழுந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், அவருடைய ஒரே மகள் விண்ணரசி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போட்ட விண்ணப்பங்களில் கடைசியானதையும் அனுப்பி முடித்த மறுநாள் காலையில். வத்தல் காயப்போட மாடிக்கு ஏறிய அவள் அம்மா லூர்து, தளம் முழுக்க வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்து, யாரோ வேண்டாதவர்கள் உப்பைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் பார்த்த மட்டில் நம்பாமல் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கரிக்கவில்லை, கரைந்துபோனது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, மாடியில் ஐஸ் கிடக்கிறது, நேற்று வேலை முடிந்து வரும்போது நீங்கள் ஏதும் கொண்டுவந்தீர்களா என்று புருஷனைக் கேட்டாள்.

கஸ்பார் மேலே போய், விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்து, ஊதிப் பார்த்து, இது மெஷினில் வருகிற ஐஸ் இல்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவர் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மறுநாளும் விழுந்தது, அதற்கு மறுநாளும் விழுந்தது. கோவிலில் முதல் மணி அடிக்கையில் ஆரம்பித்து, கடலுக்கு மேலே சூரியன் முழுசாக ஏறியதும் நின்றது. கைப்பிடிச் சுவருக்கு உள்ளே மட்டும் விழுந்தது, பக்கத்து மாடியில் காயப்போட்ட பாவாடை காய்ந்துகொண்டே இருந்தது.

விண்ணரசிக்கு மட்டும் இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு சந்தேகம் இருந்தது. கடலுக்கு அடியில் வளரும் புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவள் விண்ணப்பித்த ஆறு இடங்களும் குளிர்ப்பிரதேசத்தில் இருந்தன. விண்ணப்பம் போட்டது தெருவுக்கே தெரியும், ஆனால் இந்தச் சந்தேகத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இடம் கிடைப்பதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டதாகப் பேசுவார்கள். பேசிய பிறகு கிடைக்காமல் போனால் தெருவில் நடக்க முடியாது.

முதலில் படியேறி வந்தது அடுத்த வீட்டு சகாயமேரி. துறையில் ஏலம் எடுத்து ஊருக்குள்ளே மீன் விற்கிறவள். இப்படி வீணாகத்தானே உருகி ஓடுகிறது, ஒரு பெட்டி அள்ளிக்கொள்ளட்டுமா என்று லூர்துவிடம் கேட்டாள். அன்று சாயங்காலம் அவள் திரும்பி வந்து, மத்தியானம் வரைக்கும் ஊளி மீனின் கண் காலையில் பார்த்த மாதிரியே இருந்தது, செவுளில் சிவப்பு மாறவில்லை என்று சத்தியம் பண்ணினாள். மறுநாள் பெட்டியோடு நாலைந்து பெண்கள் வந்தார்கள், பொங்கலுக்குள் தெருவே வந்தது. லூர்து மாடிப்படியின் தலையில் ஒரு எவர்சில்வர் போணியோடு நின்று, யாருக்கு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து அள்ளிப்போட்டாள். பெண்கள் அதற்கு மாடி ஐஸ் என்று பெயர் வைத்தார்கள். சர்பத் கடைக்காரர் ஒரு தூக்குவாளி கேட்டு வாங்கிப்போனார். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், ஆயரிடமிருந்து தகவல் வரும்வரை யாரும் இதைக் கடவுள் செய்த புதுமை என்று சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மறுநாள் தனக்குக் காய்ச்சல் என்று கோவில் உபதேசியாரிடம் ஒரு காலி வாளி கொடுத்து அனுப்பினார். வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, கருவியை நட்டுவைத்து எதையோ குறித்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை.

ஐஸ் பிளாண்ட் முதலாளிக்குத்தான் இது பிடிக்கவில்லை. தன்னிடம் இத்தனை வருஷம் மெஷின் பார்க்கிற ஆளின் வீட்டு மாடியில் ஐஸ் கிடக்கிறது, அதை அள்ளிப்போகிறவர்கள் தன்னிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. அவர் ஒருநாள் விடியலில் தானே வந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வானத்திலிருந்து விழுகிறதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியும் நம்பாமல் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். அன்றிலிருந்து வேலை முடிந்து கிளம்பும்போது கஸ்பாரின் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கஸ்பார் தினமும் திறந்து காட்டினார்.

இப்படி எல்லாம் பழகிப்போன சமயத்தில், ஜனவரி முடிகிற வாரம், முதல் பதில் வந்தது. மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று ஆரம்பித்த அந்த மின்னஞ்சலை விண்ணரசி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாள் காலையில் மாடியின் வடக்கு ஓரம், கோடு போட்ட மாதிரி, காய்ந்து கிடந்தது. பெண்கள் பெட்டியோடு நின்று அந்தக் காய்ந்த இடத்தையே பார்த்தார்கள். சகாயமேரி மட்டும் விண்ணரசியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏதும் பதில் வந்துச்சா மக்கா?"

வந்தது, இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று விண்ணரசி சொன்னாள். சகாயமேரி ஆறுதலாக அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள், ஆனால் தடவும்போதும் அவள் கண் வடக்கு ஓரத்தில்தான் இருந்தது.

இரண்டாவது பதிலும் இல்லை என்றே வந்தது, மறுநாள் கிழக்கு ஓரம் காய்ந்தது. அதற்குப் பிறகு தெருவில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாமல் போனது. பிள்ளை காத்திருக்கிற வரைக்கும்தான் பனி. பதில் நல்லதோ கெட்டதோ, வந்தால் அந்த அளவுக்குப் போய்விடும். அதுவரை, பதில் வந்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இன்னும் வரவில்லையே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் இல்லை என்று தலையாட்டினால் அவர்களுக்கு மூச்சு வந்தது. விண்ணரசி அந்த மூச்சைக் கேட்டாள். ஒரு தடவை கேட்ட பிறகு அவள் காதில் வேறெதுவும் விழவில்லை.

அந்தோணியார் குருசடியில் முன்னைவிட நிறைய மெழுகுவர்த்தி எரிவதைக் கவனித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை நெருங்கிப் போய் நின்று, முக்காடு போட்டு மண்டியிட்டிருந்த ஒருத்தி என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று காதுகொடுத்துக் கேட்டாள். விண்ணரசிப் பிள்ளைக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுகம் கொடும், அறிவு கொடும், பொறுமை கொடும், நீண்ட பொறுமை கொடும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். விண்ணரசி மெழுகுவர்த்தி ஏற்றாமல் திரும்பி வந்தாள்.

காலையில் கண் விழித்ததும் போனை எடுப்பாள். ஒன்றும் இருக்காது. அங்கே இப்போது ராத்திரி, யாரும் அனுப்பமாட்டார்கள் என்று அறிவு சொல்லும், கை மறுபடியும் போனை எடுக்கும். விண்ணப்பித்தவர்கள் தங்களுக்கு வந்த பதிலைப் போட்டுவைக்கும் ஒரு இணையப் பக்கம் உண்டு. அதில் முகம் தெரியாத யாரோ ஒருவர் தனக்கு இடம் கிடைத்ததாகப் போட்டிருந்தால் அன்று முழுக்கச் சோறு இறங்காது, இன்னொருவர் தனக்கு இல்லை என்று போட்டிருந்தால் அதில் ஒரு சந்தோஷம் வரும், அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத் தன்மேலேயே சந்தேகம் வரும். பரிந்துரை எழுதிக்கொடுத்த பாளையங்கோட்டைப் பேராசிரியர் உண்மையிலேயே நல்லபடியாக எழுதினாரா, இல்லை இரண்டு வரியில் முடித்துவிட்டாரா என்று யோசித்தாள். போன தடவை பார்த்தபோது அவர் ஏன் கண்ணைப் பார்க்காமல் பேசினார் என்று யோசித்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஓடிப்போய் எடுப்பாள், லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். மூன்றாவது பதிலும் நாலாவது பதிலும் ஒரே வாரத்தில் வந்தன. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மட்டும் பனி விழுந்துகொண்டிருந்தது, பெண்கள் போணிக் கணக்கில் வாங்கிக்கொண்டு ஒருத்தி பெட்டியை இன்னொருத்தி எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், மிச்சமிருந்த இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து, பேராசிரியர் ஒருவர் அவளோடு வீடியோவில் பேச விரும்புவதாகத் தகவல் வந்தது. விண்ணரசி வீட்டில் மட்டும்தான் சொன்னாள், ஆனால் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. குறித்த நாளன்று மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தால் இணையம் இல்லை. கேபிள்காரப் பையன் வந்து மாடி வரைக்கும் வயரைத் தடவிக்கொண்டே போய்க் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்றான். இது தானாக அறுந்தது இல்லை அக்கா, வெட்டியிருக்கிறார்கள், நல்ல கூர்மையான கத்தி, புது வயர் நாளைக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

போனில் சிக்னல் கிடைப்பது மாடியில், தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். கஸ்பார் பிளாண்டில் போட்டுக்கொள்ளும் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து மகளுக்குப் போட்டுவிட்டு, கீழே இறங்கி மாடிப்படியில் யாரும் ஏறாதபடி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் அவள் போனைத் தொட்டியில் சாத்தி வைத்துப் பேச ஆரம்பித்ததும், ஒருநாளும் இல்லாத வழக்கமாக, அந்த நேரத்தில் பனி விழ ஆரம்பித்தது. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த பேராசிரியர் அம்மாள் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தி அவள் பின்னால் விழுவதையே பார்த்தார். நீ தென்னிந்தியாவில் இருப்பதாக அல்லவா போட்டிருக்கிறாய் என்று கேட்டார். ஆமாம், இது எங்கள் வீட்டு மாடிதான் என்று விண்ணரசி சொன்னாள். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இங்கே இந்த வருஷம் ஒரு துளிகூட விழவில்லை, ஏரியில் படகு விடுகிறார்கள் என்று சொன்னார். பிறகு இரண்டு பேரும் கடல்புல்லைப் பற்றிப் பேசினார்கள். தலையில் பனி சேரச் சேர விண்ணரசி தட்டிவிட்டுக்கொண்டே, இடுப்பளவு தண்ணீரில் நின்று வேர் எண்ணிய கதையெல்லாம் சொன்னாள்.

மறுநாள் காலையில் பெண்கள் வந்து நின்றபோது விண்ணரசி மாடிப்படியை மறித்து நின்றாள். இரவெல்லாம் யோசித்திருந்தாள். கூர்மையான கத்தி யாரிடம் இருக்கிறது, சுவரைத் தாண்டி அந்த மாடிக்கு யாரால் வரமுடியும், பனி நின்றால் முதலில் யாருக்கு நஷ்டம் என்று எப்படிக் கூட்டினாலும் ஒரே பேர்தான் வந்தது.

"மாமி, நீங்க எங்க வீட்டு ஐஸ எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா என் வாழ்க்கையில கத்திய வைக்காதீங்க."

சகாயமேரியின் முகம் கறுத்தது. பதில் சொல்லுவாள், சண்டை வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் காலிப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அந்த மௌனமே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகத் தெரு முடிவு செய்தது. போணியோடு நின்றிருந்த லூர்து அடுத்த பெட்டியை இழுத்து, குனிந்து, அள்ளிப்போட்டாள். அதன் பிறகு சகாயமேரி பிளாண்டிலிருந்து ஐஸ் வாங்கிக்கொண்டு, கஸ்பார் வீட்டைத் தாண்டாமல் சுற்றுவழியாகத் துறைக்குப் போனாள்.

ஐந்தாவது பதிலும் இல்லை என்று வந்தது. இனி ஒன்றே ஒன்று, அந்த நரைமுடி அம்மாளின் இடம். மார்ச் மாதம் போனது. அந்த இடத்திலிருந்து தங்களுக்குப் பதில் வந்துவிட்டதாக இணையப் பக்கத்தில் இரண்டு பேர் போட்டிருந்தார்கள், விண்ணரசிக்கு ஒன்றும் வரவில்லை. தொட்டியின் நிழலில் ஒரு பாய் அளவுக்குப் பனி விழுந்துகொண்டே இருந்தது. சில பெண்கள், ஆறாவது பதில் எப்போதோ வந்திருக்கும், பிள்ளை மறைக்கிறாள் என்றார்கள். வந்திருந்தால் பனி நின்றிருக்குமே என்று மற்றவர்கள் சொன்னார்கள். அப்படியானால் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்காரர்கள்தான் ஏதோ மறைக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை சாயங்காலம், அவள் ரேஷன் கடை வரிசையில் சீனிக்கு நின்றுகொண்டிருந்தபோது, அந்தப் பதில் வந்தது. மகிழ்ச்சியுடன் என்ற சொல்லை அவள் நம்பவில்லை. வரிசையை விட்டு விலகி, வேப்பமரத்தடியில் நின்று, பெயரைப் பார்த்தாள், எழுத்துப்பிழை இல்லாமல் அவள் பெயர்தான். ஆராய்ச்சித் துறையைப் பார்த்தாள், கடல்புல்தான். மாத இறுதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. சீனி வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடியலில் மாடிக்கு ஏறிப் பார்த்தாள். பனி விழுந்துகொண்டிருந்தது. அதே பாய் அளவு, அதே தொட்டி நிழல். அவளுக்கு முதலில் பயம்தான் வந்தது, அந்தப் பதில் பொய்யோ என்று. உட்கார்ந்து யோசித்த பிறகுதான் விளங்கியது. நேற்றுவரைக்கும் காத்திருந்தது அவள், இப்போது அங்கே ஒருவர் அவள் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். காத்திருப்பு தீரவில்லை, கை மாறியிருக்கிறது.

அன்றைக்கெல்லாம் பெண்கள் வழக்கம்போல இன்னும் வரலையே என்று கேட்டார்கள், அவள் வழக்கம்போலத் தலையாட்டினாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மத்தியானம் லூர்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகள் தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் சோறு கேட்டபோது, நிமிர்ந்து பார்த்தாள்.

"பதில் வந்துட்டு, இல்லையாட்டி?"

"ஆமாம்மா. எடுத்துக்கிட்டாங்க."

லூர்து கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். காம்பையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"வயர வெட்டினது நாந்தான்."

விண்ணரசி கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

"நான் இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து என்னைய உப்பளத்துக்காரின்னுதான் கூப்பிட்டாங்க. எனக்கு ஒரு பேரு இருக்குன்னு ஒருத்திக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாளுவ. இப்ப விடிஞ்சா வாசல்ல வந்து நின்னு லூர்து, லூர்துன்னு கூப்பிடுதாங்க. நீ போயிட்டா நீயும் இருக்க மாட்ட, அவங்களும் வர மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணா வந்து நெஞ்சில நின்னுச்சு. கத்திரிக்கா நறுக்கிக்கிட்டு இருந்தேன். அருவாமனையத் தூக்கிக்கிட்டு மேல போனேன்."

அம்மாவைத் திட்ட வேண்டும் என்று விண்ணரசிக்குத் தோன்றியது. அதற்குப் பதிலாக அன்று மாடிப்படியில் தான் சொன்ன வார்த்தைதான் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னபோது அம்மா குனிந்து பனி அள்ளிய முதுகு ஞாபகம் வந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வாங்க போவோம் என்று மட்டும் சொன்னாள். லூர்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

சகாயமேரி தன் வீட்டுப் பின்பக்கம் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கத்தியை நிறுத்தாமல் வேலையைப் பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் மாமி, வெட்டினது நீங்கள் இல்லை என்று விண்ணரசி சொன்னாள். நான்தான் வெட்டினேன் என்று பின்னால் நின்ற லூர்து சொன்னாள். சகாயமேரியின் கத்தி அப்போதுதான் நின்றது.

"நானும் நெனைச்சேன்," என்றாள். "ரெண்டு தடவ செவரு ஏறி வந்து அந்த வயரப் பாத்துட்டுப் போனேன். கத்தி கையிலதான் இருந்துச்சு. இந்தப் பிள்ளை அத்தன பேரு முன்னால கேட்டப்ப நான் ஏன் வாயத் தொறக்கல? நெனைச்சது எனக்குத் தெரியும்ல."

அப்புறம் தன் பக்கத்தில் கிடந்த பலகையைக் காலால் தள்ளிப்போட்டு, இன்னொரு கத்தியை எடுத்து லூர்துவிடம் நீட்டினாள். "சும்மா நிக்காத. ஒக்காந்து இதுல பாதிய ஆய்ஞ்சு குடு." லூர்து உட்கார்ந்தாள். உப்பளத்தில் பிறந்தவளுக்கு மீன் ஆயத் தெரியாது என்று இத்தனை வருஷம் தெருவில் பேச்சு. சகாயமேரி ஒவ்வொரு மீனையும் வாங்கிப் புரட்டிப் பார்த்து, குறை சொல்லி, கூடையில் போட்டாள். விண்ணரசி இருவரையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, புது வயரில் கம்ப்யூட்டரைத் திறந்து, சம்மதம் என்று அனுப்பினாள்.

மறுநாள் விடியலில் முதல் மணி அடித்தது, இரண்டாம் மணி அடித்தது, தளம் காய்ந்து கிடந்தது. பெட்டியோடு வந்தவர்களிடம் லூர்து வாசலிலேயே நின்று, மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, பனி நின்றுவிட்டது என்றாள். ஒருத்தரும் நம்பவில்லை. வரிசையாக மேலே ஏறிப்போய்த் தளத்தைக் கையால் தடவிப் பார்த்தார்கள், தொட்டிக்குப் பின்னால் பார்த்தார்கள், கீழே வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். முதலாளி ஆள் அனுப்பிப் பார்த்தார். கஸ்பாரின் சாப்பாட்டுப் பையை அன்றைக்கும் திறந்து பார்த்தார்கள், அதற்கு அடுத்த வாரமும் பார்த்தார்கள், அப்புறம் அவர்களுக்கே அலுத்துப்போனது. சில பெண்கள் லூர்துவை மறுபடி உப்பளத்துக்காரி என்றார்கள், சிலர் லூர்து என்றே கூப்பிட்டார்கள், சகாயமேரி சாளை வந்த நாளெல்லாம் அவளை ஆயக் கூப்பிட்டு ஆள் அனுப்பினாள்.

விண்ணரசி ஆகஸ்டில் புறப்பட்டுப் போனாள். நவம்பர் கடைசியில் ஒருநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையாகக் கிடந்தது. அவள் கையுறையைக்கூடப் போடாமல் வெளியே ஓடிப்போய் நின்று வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். மணல்துறையில் அப்போது விளக்கு வைக்கிற நேரம். லூர்து போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கூரையையும் காரையும் மரத்தையும் எல்லாம் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"இவ்வளவையும் யாரு எடுத்துக்கிட்டுப் போவா?"

"யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. வண்டி வந்து ரோட்டு ஓரமாத் தள்ளிட்டுப் போயிரும்."

லூர்து, மகள் தன்னிடம் எதையோ மறைக்கிறாள் என்பதுபோல அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அப்ப விடிஞ்சா உன் வாசல்ல வந்து நிக்க ஒருத்தரும் கெடையாதாட்டி?"

விண்ணரசி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் நடந்து வந்த கால்தடம் மட்டும்தான் இருந்தது. இல்லைம்மா என்றாள்.

"சரி," என்றாள் லூர்து, "நான் நாளைக்கும் இந்நேரம் வந்து நிக்கேன். நீ போனத் தொறந்து வை."